பழகுதல் யாருக்கான பாடம்

பிறரோடு பழகுவதற்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி, யாரும் கற்பிக்காமலேயே பெரும்பாலான பிள்ளைகளிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. பெரியவர் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பது, விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருப்பது, வேடிக்கைக்குச் சொன்னதை வேடிக்கையாகவே எடுத்துக்கொள்வது, ஆசிரியரின் குரல் சற்று மாறியதுமே பேச்சை நிறுத்திக்கொள்வது ஆகிய எதையும் எந்தப் பாடநூலும் எழுதிவைக்கவில்லை; ஆனால் இவற்றைத் தவறவிடும் பிள்ளையை வகுப்பு ஒரே வாரத்தில் அடையாளம் கண்டு ஒதுக்கிவைத்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு இந்த எழுதப்படாத பாடம் தானாக வந்து சேர்வதில்லை என்பதால், அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வெளிப்படையாகச் சொல்லிக் கற்பிக்கும் முறைகள் உருவாயின. சமூகத் திறன் பயிற்சி என்று பொதுவாக அழைக்கப்படும் அம்முறைகள் எங்கே பிறந்தன, யாரை மனத்தில் கொண்டு பிறந்தன, காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலம் போன்ற ஓர் ஊரின் அரசுப் பள்ளிக்கு வந்து சேரும்போது அவற்றில் எது நிலைக்கும், எது உதிரும் என்பவை பொறுமையாக ஆராயத்தக்க கேள்விகள்.

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சிப் போக்கில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரையும் இதற்கு முதல் விரிவான விவரணைகளைத் தந்தன. பின்னர் லோர்னா விங் போன்றோரின் ஆய்வுகள், இது ஒரே அச்சில் வார்த்த நிலை அன்று, பேச்சே வராத குழந்தையிலிருந்து சரளமாகப் பேசும் பொறியாளர் வரை விரிந்து கிடக்கும் ஒரு நிறமாலை என்பதை நிறுவின. பிறரோடு உறவாடுவதில் உள்ள தொடர்ச்சியான இடர்ப்பாடும், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் ஆழ்ந்த தனி ஈடுபாடுகளும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் இன்றைய நோயறிகை வரையறையின் கூறுகள். சமூகத் திறனைப் பற்றிப் பேசுவோர் கடைசியாகச் சொன்ன புலன் வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சத்துணவுக் கூடத்தில் எவர்சில்வர் தட்டுகள் மோதும் ஓசை காதைக் கிழிப்பதாக உணரும் ஒரு சிறுவன், அந்த நேரத்தில் பக்கத்துப் பையனிடம் இனிமையாகப் பேசவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை.

மணிமங்கலத்தின் நிலை தனியாகக் கவனிக்க வேண்டியது. பல்லவர் சாளுக்கியரை எதிர்த்துப் போரிட்ட களமாகவும், சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட கோயில்களின் ஊராகவும், பெரிய ஏரியை நம்பிய வேளாண் ஊராகவும் வரலாற்றில் அறியப்பட்ட இவ்வூரைச் சுற்றிலும் கடந்த கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொழிற்சாலைகள் எழுந்துவந்திருக்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டதும் இந்த மாற்றத்தின் இரு பெரிய கட்டங்கள். விடியலிலும் நள்ளிரவிலும் ஷிப்ட் பேருந்துகள் ஆள் ஏற்றி இறக்குகின்றன. லைன் வீடுகளில் திருவண்ணாமலைக்காரரும் ஒடிசாக்காரரும் சுவரை மட்டும் இடையில் வைத்து வாழ்கிறார்கள். தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்த காலம் முடிந்துபோனது. பழைய ஊரில் ஒரு பிள்ளை வித்தியாசமாக நடந்துகொண்டால், அவன் இன்னாருடைய பேரன், அவன் வழக்கம் இப்படி என்ற அறிவு அவனைச் சுற்றி ஓர் அரணாக நின்றது. கேலியும் கூடவே நின்றது என்பதை மறுக்க முடியாது என்றாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அண்டை வீட்டார் மாறும் தெருவில் அந்த அரண் நிற்க வழியே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை இங்கே ஒவ்வொரு நாளும் புதியவர்களிடம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனுக்கு மிகக் கடினமான செயலும் அதுவே.

இத்தகைய பிள்ளைக்கென எழுதப்பட்ட பயிற்சிக் கையேடுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. சமூகத் திறன் குழுப் பயிற்சி பற்றி 2012இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அதாவது ஒரு சிகிச்சை குறித்த நம்பத்தகுந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோடும் முறையான மதிப்பீடு, தகுதியுடையவை என்று ஏற்ற ஆய்வுகள் ஐந்தே ஐந்து. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 196 பேர். ஐந்து ஆய்வுகளுமே அமெரிக்காவில் நடந்தவை. பங்கேற்ற பிள்ளைகள் சராசரியோ அதற்கு மேலோ அறிவுத்திறன் கொண்டவர்கள். ஓரளவு பயன் தெரிந்தது என்பதே அதன் முடிவு. 2017இல் கேட்ஸ், காங், லெர்னர் ஆகியோர் கூடுதல் ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இன்னும் கூர்மையான ஓர் உண்மை வெளிப்பட்டது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் எப்படிப் பழக வேண்டும் என்பதைப் பற்றிய அறிவில் நன்கு முன்னேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அப்படிப் பழகுகிறோம் என்று அதே அளவுக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய ஆசிரியர்களின் கண்ணுக்கோ மாற்றம் ஏதும் புலப்படவில்லை. பயிற்சி அறையில் ஒப்பித்த பாடம் வகுப்பறையின் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை என்பது இதன் பொருள். ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இயல்பாகவே கடினம் என்று அறிந்த பின்னும், அவர்களைத் தனி அறைக்குக் கூட்டிச் சென்று, அங்கே கற்பித்து, வெளியே அனுப்பும் வழக்கம் நீடிப்பது வியப்புக்குரியது.

கையேட்டின் உள்ளடக்கமும் ஊரோடு ஒட்டுவதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுதல் மேலைநாட்டுப் பயிற்சியில் நெடுங்காலமாக முதன்மையான இலக்காக இருந்துவந்தது. மணிமங்கலத்துப் பள்ளியிலோ தெருவிலோ, திட்டிக்கொண்டிருக்கும் பெரியவரின் கண்ணை நேராகப் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைப்பது "என்னடா முறைக்கிற?" என்ற கேள்வி, தலையைக் குனிந்து வேறு பக்கம் பார்த்தால் "பேசிட்டிருக்கேன், எங்க பாக்குற?" என்பது அடுத்த கேள்வி. இவ்விரண்டுக்கும் நடுவில் எந்தக் கணத்தில் பார்க்க வேண்டும், எந்தக் கணத்தில் விலக வேண்டும் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பயிற்சி மையத்தில் கண்ணைப் பார்க்கப் பழக்கப்பட்டு, அதற்காக மிட்டாயும் பெற்று வந்த ஒரு சிறுவன், தலைமையாசிரியரின் முன்னால் அந்தத் திறனைக் காட்டி அடி வாங்க நேர்ந்தால், அவனுக்குக் கற்பித்தவர்களே அதற்குப் பொறுப்பு. அவ்வாறே, வழியில் பார்ப்பவர் "சாப்ட்டியா?" என்று கேட்பது பெரும்பாலும் நலம் விசாரிப்பே என்பதையும், அதற்கு ஒரு சொல்லில் விடை சொன்னால் போதும் என்பதையும், விடைபெறும்போது "போறேன்" என்றால் பாட்டியின் முகம் ஏன் வாடுகிறது என்பதையும் எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லித் தராது. ஷேர் ஆட்டோ ஓட்டுநரை அண்ணா என்றும், பக்கத்து வீட்டு அம்மாளை அவருடைய வயதைப் பார்த்து அக்கா என்றோ பெரியம்மா என்றோ அழைக்க வேண்டும் என்பதும், அண்ணா என்று அழைத்துவிட்டதால் மட்டும் ஒருவர் வீட்டு மனிதராகிவிடுவதில்லை என்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் கடைசி விதி பாதுகாப்போடு தொடர்புடையது. உறவுச் சொல்லை அப்படியே நம்பிவிடும் பிள்ளைக்கு அதைத் தனியாக எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

கற்பிக்கும் கருவிகளில் ஊர்மண்ணுக்கு எளிதில் இசைந்து வருவது, அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதை என்னும் முறை. ஒரு சூழலில் என்ன நடக்கிறது, மற்றவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பிள்ளையின் நோக்கிலிருந்து, சிறிய வாக்கியங்களில் எழுதித் தருவதே சமூகக் கதை. அதில் கட்டளைகள் குறைவாகவும் விவரணைகள் மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்பது கிரே வகுத்த விதி. சத்துணவு வரிசையைப் பற்றி எழுதினால் அது ஏறத்தாழ இப்படி அமையக்கூடும்: "மதியம் மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். தட்டுகள் சத்தம் போடும். சில நாள் வரிசை நீளமாக இருக்கும். சில நாள் யாராவது நடுவில் புகுந்துவிடுவார்கள்; அப்போது பலருக்குக் கோபம் வரும். வரிசை நகர்ந்தால் நானும் ஓர் அடி நகரலாம். சத்தம் தாங்கவில்லை என்றால் டீச்சரிடம் சொல்லிவிட்டு வெளியே நிற்கலாம். பெரும்பாலும் எனக்கும் முட்டை இருக்கும்." கடைசி வாக்கியத்தில் உள்ள "பெரும்பாலும்" என்ற சொல்லை எடுத்துவிடக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, முட்டை வராத ஒரு நாளில் அந்தக் கதை முழுவதுமே பொய்யாகிவிடும்; பொய் சொன்ன கதையை அவன் மறுபடி நம்பமாட்டான். நல்ல சமூகக் கதையை எழுத, அந்தக் கூடத்தில் நின்று, அந்த ஓசையைக் கேட்டு, அந்தப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்த ஒருவரால்தான் முடியும் என்பது இதன் அருமை.

இதற்கு இணையான மற்றொரு மரபு, எரிக் ஷோப்லரும் அவருடைய துணையினரும் வட கரோலினாவில் வளர்த்தெடுத்த, 1972இல் அம்மாநிலம் முழுவதற்குமான திட்டமாக ஆன டீச் என்னும் முறை. என்ன வேலை, எவ்வளவு வேலை, முடிந்தது என்று எப்படித் தெரியும், அடுத்து என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் கண்ணால் பார்த்தே விடை தெரிந்துகொள்ளும்படி மாணவரின் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்கமைப்பது இதன் சாரம். இதைப் படிக்கும் எவருக்கும் ஒரகடத்துத் தொழிற்சாலைத் தளம் நினைவுக்கு வராமல் போகாது. அங்கே நடக்க வேண்டிய பாதை தரையில் மஞ்சள் கோட்டால் வரையப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு பணியிடத்திலும் எஸ்.ஓ.பி. எனப்படும் செய்முறைத் தாள் படங்களோடு தொங்குகிறது; சிக்கல் என்றால் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ விளக்கை எரியவிட்டு உதவி கேட்க ஏற்பாடு இருக்கிறது; உதவி கேட்டவரை யாரும் மந்தமானவர் என்று சொல்வதில்லை. பல மொழி பேசும் தொழிலாளர்கள் ஒரே வரிசையில் வேலை செய்யும் இடத்தில், சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை ஆலைகள் உணர்ந்திருக்கின்றன. தந்தைக்கு வேலைத் தளத்தில் இயல்பாகக் கிடைக்கும் இந்த வெளிப்படைத் தன்மை மகனுக்கு வகுப்பறையில் கிடைக்காமல் இருப்பது வருந்தத்தக்கது. ஒரு பலகையில் அன்றைய பாடவேளைகளைப் படமாக ஒட்டுவதற்கும், "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று எழுதிய அட்டை ஒன்றை மேசையில் வைப்பதற்கும் செலவு ஏதுமில்லை. அந்தப் பலகை, தமிழே தெரியாமல் ஜார்க்கண்டிலிருந்து வந்து ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கும் உதவும். எழுதப்படாத விதிகளால் வெளியே நிறுத்தப்படுவதில் அவளும் ஆட்டிசம் உள்ள மாணவனும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆயினும் தொழிற்சாலையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. ஒரே அளவில் பொருள்களை வெளிக்கொணர்ந்து, மாறுபட்டதைக் கழித்துவைக்கும் அதன் தர ஆய்வு மனப்பான்மை பயிற்சிக்குள் நுழைந்துவிட்டால், மற்றவர்களைப் போலத் தோற்றமளிக்கும் பிள்ளையை உருவாக்குவதே நோக்கமாகிவிடும். ஆட்டிசம் உள்ளவர்கள் தம் இயல்பை மறைத்து, பிறரைப் பார்த்து நடிக்கப் பழகுவதை ஆய்வாளர்கள் மறைப்பு என்று குறிக்கிறார்கள். 2017இல் லாரா ஹல்லும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில் பேசியவர்கள், அந்த நடிப்பின் விலையாகக் கடும் களைப்பையும், தான் யார் என்ற குழப்பத்தையும் சொன்னார்கள்; மறைப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை அடுத்த ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. பெண் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அடக்கமாக, அமைதியாக, தோழிகளைப் பார்த்து அப்படியே செய்துகொண்டு ஓர் ஓரத்தில் இருக்கும் சிறுமியை நல்ல பிள்ளை என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது; அவளுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும் என்று எவரும் நினைப்பதில்லை.

பயிற்சி ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பக்கத்தில் மட்டுமே நடப்பதன் வேர், ஆட்டிசத்தைப் பற்றிய ஒரு பழைய கருத்தில் இருக்கிறது. 1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகியோர், இல்லாத நேரத்தில் பொருள் இடம் மாற்றிவைக்கப்பட்ட ஒரு பொம்மை அதை எங்கே தேடும் என்று குழந்தைகளிடம் கேட்டுச் சோதித்தபோது, ஆட்டிசம் உள்ள 20 பேரில் 16 பேர் தவறாக விடை சொன்னார்கள். பிறர் மனத்தை ஊகிக்கும் ஆற்றல் இவர்களிடம் குறைவு என்ற கோட்பாடு இதிலிருந்து பரவி, குறை முழுவதும் பிள்ளையிடமே இருப்பதாக நிலைபெற்றது. தாமே ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012இல் அந்தக் கோட்பாட்டை எதிர்த்து ஒரு கேள்வியை வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரின் மனம் விளங்கவில்லை என்றால், மற்றவருக்கு ஆட்டிசம் உள்ளவரின் மனம் விளங்குகிறதா? புரியாமை இரு தரப்புக்கும் பொதுவானது என்று சொல்லும் இக்கருத்தை இருவழிப் புரிதல் சிக்கல் எனலாம். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர், ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லச் செய்து சோதித்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் செய்தியைக் கடத்துவதில் மற்றவர்களுக்குச் சற்றும் குறையவில்லை. கலப்புக் குழுவில்தான் செய்தி விரைவாகத் தேய்ந்தது. பின்னர் கூடுதல் பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில் கலப்புக் குழுவின் அந்தப் பின்னடைவு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தி கடத்துவதில் குறைந்தவர்கள் அல்லர் என்ற முடிவு அதனால் மாறவில்லை.

பள்ளிக்கு நேரடியாகப் பயன்படும் சான்று, கானி கசாரி லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் பொதுப் பள்ளிகளில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு. ஆட்டிசம் உள்ள 60 மாணவர்களில் சிலருக்கு மட்டும் தனியே பயிற்சி தரப்பட்டது. வேறு சிலருடைய வகுப்புத் தோழர்கள் மூவருக்கு, தனித்து நிற்கும் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பயிற்சி தரப்பட்டது. தோழர்கள் பயிற்சி பெற்ற வகுப்புகளில்தான் அந்த மாணவர்கள் விளையாட்டு மைதானத்தில் தனித்து நிற்பது குறைந்தது. நண்பன் என்று அவர்களைச் சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆசிரியரும் மாற்றத்தைக் கண்டார். பழகுதிறன் ஒரு பிள்ளையின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை, இருவருக்கு நடுவில் இருக்கிறது என்று கொண்டால் இந்த முடிவில் புதிர் ஏதுமில்லை. ஐந்தாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளை அழைத்து, "அவன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வான், காத்திருங்கள், அவனுக்கு ரயில் பற்றிப் பேசப் பிடிக்கும், அதிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லித்தரும் ஆசிரியர், பல மாத மையப் பயிற்சியைவிடப் பெரிய வேலையைச் செய்துவிடக்கூடும்.

அந்த ஒரு பிள்ளைக்கென்று தனியாகக் கற்பிக்க வேண்டியவற்றில் முதலிடம் மறுப்புக்கே உரியது. சொன்ன பேச்சைக் கேட்பதையே நற்குணமாகப் போற்றும் நம் வளர்ப்பு முறையில், பயிற்சி என்ற பெயரில் மேலும் பணிவைப் புகட்டினால், எவர் அழைத்தாலும் போகும், எவர் தொட்டாலும் அசையாமல் நிற்கும் பிள்ளை உருவாகிவிடும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் குற்றம் நடந்த பின் உதவும். "வேண்டாம்", "தொடாதே", "அம்மாவிடம் சொல்லுவேன்" என்னும் மூன்று தொடர்களை, பேச்சு வராதவர்களுக்குப் படமாகவேனும், கற்றுத்தருவது முன்னால் உதவும். உதவி கேட்பது, புரியவில்லை என்று சொல்வது, சற்று நேரம் விலகியிருக்க அனுமதி பெறுவது ஆகியவை அடுத்து வரும். வணக்கம் சொல்வதும் கைகுலுக்குவதும் காத்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வியில்தான் நிலைமை கவலை தருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தை உள்ளிட்ட 21 குறைபாடுகளை ஏற்று, ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 2021இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் பத்து மாணவருக்கும் மேல்வகுப்புகளில் பதினைந்து மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று கூறியது. நடைமுறையில், தொகுப்பூதியம் பெறும் ஒரு சிறப்பாசிரியர் வட்டார வள மையத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, பள்ளி பள்ளியாகவும் வீடு வீடாகவும் பேருந்தில் அலைந்துகொண்டிருக்கிறார். முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. அங்கே கிடைக்கும் பயிற்சி தரமானதே என்றாலும், ஷிப்ட் வேலை பார்க்கும் கணவன் உறங்கும் நேரத்தில், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, பேருந்து மாறி மாறிக் கடற்கரைச் சாலை வரை ஒரு தாய் வாரந்தோறும் போய்வர முடியுமா என்பது வேறு கேள்வி.

அந்தத் தாயை வைத்தே ஒரு வழியைக் காட்டிய ஆய்வு இந்தியாவிலேயே உண்டு. கோவாவில் சங்கத் என்ற அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் மற்றொரு குழுவும் சேர்ந்து, 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடத்தி 2016இல் வெளியிட்ட அந்த ஆய்வில், மருத்துவரோ சிறப்பாசிரியரோ அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் பெற்றோரோடு பணியாற்றினார்கள். பெற்றோர் தம் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதை அவர்களோடு சேர்ந்து பார்த்து, குழந்தை எந்தக் கணத்தில் எதைச் சொல்ல முயன்றது என்பதைக் கண்டுகொள்ளப் பழக்கினார்கள். முதலில் மாறியவர்கள் பெற்றோர். அவர்கள் குழந்தையின் போக்கைப் பின்தொடர்ந்து பேசக் கற்றார்கள். குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வது அதன்பின் கூடியது. கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் நேரம் அவ்வாறு கூடவில்லை என்பதால் இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் திசை தெளிவானது. தாகம் எடுத்த குழந்தை, தன்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வியையே திருப்பி "தண்ணி வேணுமா?" என்று சொல்வது ஆட்டிசத்தில் சாதாரணம். அதைக் கிளிப்பேச்சு என்று தள்ளாமல், வேண்டுகோள் என்று அறிந்து, "தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே குவளையை நீட்டும் தாய், எந்தச் சான்றிதழும் இல்லாமல் பழகுதிறனைக் கற்பித்துவிடுகிறார்.

பெருந்தொழில் நிறுவனங்களின் வரிசைக்கு நடுவே இருக்கும் ஊருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தேட வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதில் ஒரு சிறு பங்கு, சுற்றுச்சுவருக்கும் வண்ணப் பூச்சுக்கும் போவதற்கு மாறாக, ஒரே ஊரில் வாரத்தில் ஐந்து நாளும் இருக்கும் ஒரு சிறப்பாசிரியரின் ஊதியத்துக்கும், லைன் வீடுகளுக்குச் சென்று தாய்மார்களோடு உட்காரும் இரு உள்ளூர்ப் பெண்களின் ஊதியத்துக்கும் போகலாம். அவர்களிடம் கற்ற பிள்ளைகள் பதினெட்டு வயதில் அதே ஆலைகளின் வாயிலுக்கு வேலை கேட்டு வருவார்கள். "உன்னைப் பற்றிச் சொல்" என்று தொடங்கும் நேர்காணலில் அவர்களில் பலர் தோற்றுப்போவார்கள். செய்முறைத் தாளைக் கையில் கொடுத்து ஒரு வாரம் வேலையில் நிறுத்திப் பார்த்தால் தோற்க மாட்டார்கள். 2011இல் பெங்களூரில் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களைச் சோதனைப் பணிக்கு எடுத்துத் தொடங்கிய முயற்சி, பின்னர் பல நாடுகளிலுள்ள அதன் அலுவலகங்களுக்கும் பரவியது. தேர்வு முறையை அப்படி மாற்றிக்கொள்வதற்கு ஒரகடத்து ஆலையின் மனிதவளப் பிரிவுக்கு வேண்டியது ஒரு சுற்றறிக்கைதான்.